காலை ஐந்து சொட்டு, மாலை ஐந்து சொட்டு

நாயின் இடது காதைத் திருப்பியதும் எழுந்து வந்தது புளித்த இட்லி மாவு வாடை, அதில் கார்மேகத்துக்குப் புதிதாக ஒன்றுமில்லை, கால்நடை ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் கட்டுப் போட்டவனுக்கு எந்த நாற்றமும் புதிதில்லை. ஆனால் அந்த வாடைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது, எண்ணெயில் கருகிய பூண்டு, அது வந்ததும் விரல்கள் காது மடலில் அப்படியே நின்றுவிட்டன. "பூண்டு போட்டீங்களா சார்" என்று கேட்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் சார், எண்பது வயது, கைவைத்த பனியனும் நாலு முழ வேட்டியும், "நல்லெண்ணெயில ரெண்டு பல் தட்டிப் போட்டுக் காய்ச்சி வெதுவெதுப்பா ஊத்தினேன்பா. காது வலிக்கு அதை மிஞ்சின மருந்து உண்டா" என்றார். இனிமேல் ஊற்றாதீர்கள் என்று சொல்ல வேண்டியது அவன் வேலை, அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவனுடைய இடது காதிலும் இதே எண்ணெயைத்தான் ஊற்றினார்கள், நாற்பது வருஷத்துக்கு முன்னால். ஊற்றியது அம்மா. ஊற்ற வைத்தது இந்த நாற்காலியின் கைப்பிடியில் கிடக்கிற வலது கை. அதை அவன் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் எலும்பு துருத்தி, தோலில் கருப்புக் கருப்பாகப் புள்ளி விழுந்து, கிழட்டுக் கோழியின் காலைப் போல இருந்தது. இதுவா என்று பட்டது. இதுதான். விரல் நீளம் மாறவில்லை.

அவருக்கு அவனைத் தெரியவில்லை. டாக்டரம்மா சீட்டைக் கொடுத்தபோது, "வயசானவர், தனியா இருக்காரு, நாயை ஒரு தடவை ஆட்டோவில கொண்டு வந்துட்டாரு, தினம் முடியாது, ஞாயித்துக்கிழமை போய் மருந்து விடறது எப்படின்னு காட்டிட்டு வாங்க கார்மேகம்" என்றுதான் சொன்னாள், பேரைச் சொல்லவில்லை. வாசல் பலகையில் பேரைப் படித்துவிட்டு சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றான். திரும்பிப் போயிருக்கலாம். ஆள் வெளியூர் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அவன் கை தானாகவே சைக்கிள் மணியை அடித்துவிட்டது, நாய் குரைத்துக்கொண்டு வந்தது, இவர் பின்னால் வந்து, "வாப்பா, கம்பவுண்டரா, வா வா" என்றார். நாற்பது வருஷமாக இந்த ஊரின் எந்தத் தெருவில் என்றைக்கு எதிரே வருவார் என்று பார்த்திருந்த முகம், வா வா என்கிறது. எதிரே வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பல ஏற்பாடுகள் வைத்திருந்தான். இருபது வயதில் கையில் கல் இருந்தது. முப்பதில் கெட்ட வார்த்தைகள். நாற்பதுக்கு மேல் ஒரே ஒரு கேள்விதான், ஏன் சார் என்னை. பஜாரில் இரண்டு முறை பார்த்தான், இரண்டு முறையும் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டான், அதற்காகத் தன்மேலும் கொஞ்சம் வஞ்சம் வைத்திருந்தான்.

ஏன் என்பது ஒன்றும் மர்மமில்லை. எட்டாம் வகுப்பு, திங்கட்கிழமைக் காலைப் பிரேயர். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது மைதானத்துக்குள் ஒரு தெருநாய் வந்து, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், ஹெட்மாஸ்டருக்கு நேர் இணையாக, அவரைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தெரியாது. எட்டாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது, ஒன்பதாம் வகுப்பு சிரித்தது, பெண்பிள்ளைகள் வரிசைகூடக் குலுங்கியது. சங்கரலிங்கம் சார் கணக்கு வாத்தியார், அணிவகுப்புக்கும் அவர்தான், விறுவிறுவென்று வந்தார். வரிசையின் கடைசியில் நின்றவன் கார்மேகம். அவ்வளவுதான் காரணம். நடுவில் நின்றிருந்தால் கை எட்டியிருக்காது. செவிட்டில் ஒன்று விழுந்தது, சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, தலைக்குள்ளே ஏதோ பை உடைந்த மாதிரி இருந்தது, அப்புறம் நீண்ட விசில். அந்த விசிலுக்கு மேலாக அவர் வாய் அசைந்தது, "முட்டி போடு. காதைப் பிடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." அவன் முட்டி போட்டான். மைதானம் காலியாகிவிட்டது. மணல், வெயில், ஒரு காதில் விசில். நாயும் போய்விட்டது. முதல் பீரியட் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, அவர் வந்து எதுவும் சொல்லவில்லை. மறந்துவிட்டார். இடைவேளை மணி அடிக்க வந்த பியூன்தான், "எந்திரிடா, இன்னும் இங்கதான் இருக்கியா" என்றான். சார் சொல்லவில்லையே என்று அவன் எழவில்லை. பியூன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். அந்த இடம்தான் அடியைவிட அதிகம் சுடும். அவர் மறந்தது. அதைவிட, அவன் எழாமல் இருந்தது.

"அதென்னப்பா, காதுக்குள்ள காப்பித்தூள் மாதிரி இருக்கே" என்றார் சார், குனிந்து பார்த்து. கார்மேகம் பஞ்சை விரலில் சுற்றி மடலின் மடிப்புகளைத் துடைத்தான். பழுப்பாகப் பிசுபிசுவென்று வந்தது, கூடவே எண்ணெய். "ஈரம் தங்கி வந்தது சார். தொங்குகாதுக்குள்ள காத்து போகாது. குளிப்பாட்டினா காதை உலர்த்தணும்." "ஞாயித்துக்கிழமை தவறாம குளிப்பாட்டிருவேன்." "அதான் சார்." "பட்ஸ் வச்சுக் குடையலாமா?" "விரல் போற அளவுக்குத்தான் துடைக்கணும். குச்சி உள்ள போகக் கூடாது, ஜவ்வு கிழிஞ்சிரும்." ஜவ்வு என்று சொல்லும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் அக்கறையாகத் தலையை ஆட்டியது. "கிழிஞ்சா ஒட்டாதா?" "சிலதுக்கு ஒட்டும் சார். உள்ள எண்ணெய் கிண்ணெய் ஊத்திச் சீழ் வச்சிட்டா ஒட்டாது." "அய்யோ, நான் ஊத்திட்டேனே." "இதுக்கு ஜவ்வு நல்லா இருக்கு. டாக்டரம்மா லைட் அடிச்சுப் பார்த்துட்டாங்க." "அப்பாடா" என்று சார் நாற்காலியில் சாய்ந்தார். அந்த அப்பாடா கார்மேகத்தின் நெஞ்சில் முள் மாதிரி தைத்துக்கொண்டு நின்றது. ஒரு காது முழுசாக இருக்கிறது என்பதற்கு இந்த வாயிலிருந்து ஒரு அப்பாடா.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அம்மா இவர் முன்னால்தான் நின்றாள், அட்மிஷன் மேஜையில் அன்றைக்கு இவர்தான். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க சார், மத்தது உங்க பாடு" என்றாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், சொல்லாவிட்டால் பிள்ளையின் படிப்பில் அக்கறையில்லை என்று ஆகிவிடும். அன்றைக்கு அவன் கூடச் சிரித்தான். கண் இரண்டையும் அவர் விட்டுவிட்டார், வாக்குத் தவறவில்லை. காதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அதனால் அன்று சாயங்காலம் காதில் ரத்தக் கறையோடு போனபோது அவளுக்குச் சண்டைக்குப் போக ஒரு இடம் கிடைக்கவில்லை, "நீ என்னடா பண்ணினே" என்று கேட்டாள், பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சினாள். ஒரு வருஷம் சீழ் வடிந்தது. தலையணை உறையெல்லாம் மஞ்சள். வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஆஜர் எடுக்கும்போது இடது பக்கமிருந்து கூப்பிட்டால் விழாது. ஒரு நாள் இவர் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "டேய் டமாரம்" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அன்றைக்கு யாருக்கும் அடி விழவில்லை. டமாரம் என்ற பெயர் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்தும் கூடவே வந்தது, கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில்கூட, "யாரு, டமாரமா" என்றார்கள். போலீஸ் ஆள் எடுப்பில் உயரம் சரி, மார்பு சரி, ஓட்டத்தில் நான்காவது. கடைசியில் ஒரு டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல எண்களைச் சொன்னார். வலது பக்கம் எல்லாம் சொன்னான். இடது பக்கம் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டாரா இல்லையா என்றே தெரியாமல் நின்றான்.

"உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே தம்பி" என்றார் சார். கார்மேகம் பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை விரலில் சுற்றினான். "இந்த ஊர்தான சார், பார்த்திருப்பீங்க." "எங்க படிச்சே? என்கிட்ட படிச்சியா?" அந்தக் குரலில் ஒரு ஆசை இருந்தது. அது என்ன ஆசை என்று கார்மேகத்துக்குத் தெரியும். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த முகம் மலரும், எந்த வருஷம், யார் யார் செட்டு என்று கேட்கும், காப்பி வரும், தெருவில் நாலு பேரிடம் என் ஸ்டூடண்ட் வந்து என் நாய்க்கு வைத்தியம் பார்த்தான் என்று சொல்லும். முதுகில் தட்டிக் கொடுக்கும், அந்தக் கையால். "நான் பள்ளிக்கூடமே போகலை சார்" என்றான். சார் உச்சுக் கொட்டினார். "போயிருக்கணும்ப்பா. நம்மகிட்ட வந்திருந்தா ரெண்டு போட்டாவது படிக்க வச்சிருப்பேன். நான் அடிச்ச பிள்ளைங்க எல்லாம் இன்னைக்கு நல்லா இருக்கானுங்க, தெரியுமா. ஒருத்தன் கலெக்டர் ஆபீஸ்ல, ஒருத்தன் துபாய்ல. வந்து கால்ல விழுறானுங்க, சார், அன்னைக்கு நீங்க அடிக்கலைன்னா நாங்க இல்லைன்னு." கார்மேகம் நாயின் காதுக்குள் பார்த்துக்கொண்டே, "இருக்கும் சார்" என்றான்.

பையில் இரண்டு வெள்ளை பாட்டில்கள் இருந்தன. ஒன்று காது கழுவுகிற மருந்து. இன்னொன்று ஸ்பிரிட், ஊசி போடுமுன் தோலைத் துடைக்க. பார்த்தால் ஒரே உயரம், ஒரே மூடி. சூலக்கரையில் ஒரு ரைஸ்மில்காரர் தெரியாமல் தன் நாயின் புண்ணான காதில் ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டார். அது அவரைக் கடிக்கவில்லை, கத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் ஆறு வருஷம் உயிரோடு இருந்தது, ஒரு நாள்கூட அவர் கைக்கு வரவில்லை. பெண்டாட்டி வைத்தால் சாப்பிடும், அவர் வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். நாய்க்குக் காது வலித்தது ஞாபகம் இருக்காது, எந்தக் கை என்பது ஞாபகம் இருக்கும். கார்மேகத்துக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விஷயம் இல்லை. பாட்டிலை எடுத்து, நீங்களே ஊத்துங்க சார், கை பழகட்டும் என்று கொடுத்தால் போதும். ஒரு மூடி. இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரில் மாலை போட்ட மனைவி. மகன் ஊரை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன நாய் இது, புருனோ, சாக்லேட் நிறம், ஆறு வயது. இவர் கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்காருமாம், வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். ராத்திரி கட்டிலுக்குக் கீழே படுக்குமாம், கையைத் தொங்கவிட்டால் நக்குமாம். அந்தக் கையைத்தான். அந்தக் கையை ஒரு ஜீவன் பார்த்துப் பயப்பட வேண்டும், இவர் கண் முன்னால், தினம், ஏன் என்று இவருக்குத் தெரியாமல். தவறிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டேன் சார், மன்னிச்சுக்கோங்க. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வரிசையின் கடைசியில் நின்றது மாதிரி, கைக்கு எட்டியது, எடுத்தேன்.

பைக்குள் போன கை ஸ்பிரிட் பாட்டிலைத் தொட்டது. தொட்டதும் தெரிந்தது, அது எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். இன்னொரு கை நாயின் காதடியில் இருந்தது, கட்டைவிரல் பழக்கத்தில் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தது, அதை அவன் நிறுத்தச் சொல்லவில்லை. காதடி சுட்டது, காய்ச்சல் நெற்றி மாதிரி. நாய் கண்ணைச் சொருகி, முழுத் தலையையும் தூக்கி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டது. கனம். நாய்த் தலைக்கு இவ்வளவு கனம் இருப்பது அவனுக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் அதிகமாகத்தான் படும். அது முனகியது, அவன் இடது பக்கம் என்பதால் காதில் விழவில்லை, உள்ளங்கையில் விழுந்தது. இப்படித்தான் முப்பது வருஷம் தொழில் பார்த்திருக்கிறான், உறுமலைக் கையால் கேட்டு. மனிதர்கள் யாரும் இடது பக்கமிருந்து பேசுவதை இப்படிக் கையில் தருவதில்லை. இந்தக் காதில் ஊற்றி அந்தக் கையை அடிக்க வேண்டும். நடுவில் இருப்பது இந்த நாய். வரிசையின் கடைசியில் நிற்கிறது. அவனுக்கு நாயின்மேல்கூட ஒரு எரிச்சல் வந்தது, எதற்கு இப்படித் தலையைக் கொடுத்துத் தொலைக்கிறாய் என்று. ஸ்பிரிட்டை விட்டுவிட்டு மற்ற பாட்டிலை எடுத்தான். மன்னித்துவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டான். அப்படி ஒன்றும் இல்லை. வேறு வழி இருக்கும்.

மருந்தைக் காது நிறைய விட்டு, அடியில் பிசைந்தான், சளக் சளக் என்றது. "கண்ணுல பட்டுறாமப் பார்த்துக்கப்பா" என்றார் சார். "கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்றான், சொன்ன பிறகு அந்த வாக்கியம் வாயில் கசந்தது. நாய் தலையை உதறியது, பழுப்புத் துளிகள் அவன் சட்டையிலும் சுவரிலும் அவர் வேட்டியிலும் தெறித்தன. துடைத்தான். அப்புறம் சொட்டு மருந்து. "காலையில அஞ்சு சொட்டு, சாயங்காலம் அஞ்சு சொட்டு சார், பதினாலு நாள். பாதியில விட்டா திரும்ப வரும்." ஐந்து விட்டுக் காட்டினான். அப்போதுதான் கவனித்தான், கடப்பைக் கல் தரை முட்டியில் அழுத்திக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து இவர் நாற்காலியில், அவன் தரையில் முட்டி போட்டு, ஒரு காதைப் பிடித்துக்கொண்டு. நாற்பது வருஷம் கழித்து, வீடு தேடி வந்து, யாரும் சொல்லாமலேயே. ரத்தம் முகத்துக்கு ஏறியது. இத்தனை நேரம் அது தோன்றவில்லை என்பதுதான் தாங்கவில்லை, உடம்பு இவரைக் கண்டதும் தன் இடத்துக்குத் தானே போய்விட்டது. எழுந்தான். எழும்போது தெரிந்துவிட்டது என்ன வழி என்று, அது அவ்வளவு சுலபமாக, அவ்வளவு சுத்தமாக இருந்தது. "இந்தாங்க, சொட்டு விடறதை ஒரு தடவை நீங்க செஞ்சு பாருங்க சார். வலது காது. டாக்டரம்மா ரெண்டு காதுக்கும்தான் எழுதியிருக்காங்க."

சார் நாயைக் கூப்பிட்டு, "பெஞ்சு மேல ஏத்திரவா? சொன்னா ஏறி உட்காருவான், எனக்குக் குனியற வேலை மிச்சம்" என்றார். நல்ல யோசனைதான், ஆஸ்பத்திரியில் மேஜைமேல் வைத்துத்தான் செய்வார்கள். "வேண்டாம் சார். உதறும்போது விழுந்துரும். தரையில்தான். நீங்களும் தரையில்தான்." "சம்மணம் போட முடியாதேப்பா எனக்கு." "சம்மணம் வேண்டாம். முட்டி போடுங்க." "முட்டியா? ஆபரேஷன் பண்ணச் சொன்ன முட்டிப்பா இது." "அப்படித்தான் சார் போடணும். இல்லைன்னா மருந்து உள்ள இறங்காது." சார் நாயைப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு கால், முனகல், அப்புறம் இன்னொரு கால், தரையில் எலும்பு முட்டுகிற சத்தம் வலது காதில் தெளிவாக விழுந்தது. "காதைப் பிடிச்சுக்கோங்க" என்றான் கார்மேகம். அவர் காதைப் பிடித்துக்கொண்டார். கணக்கு வாத்தியார், வாய்விட்டு எண்ணினார், ஒண்ணு, ரெண்டு, மூணு. கை நடுங்கவில்லை. ஐந்தாவது சொட்டு விழுந்ததும் கட்டைவிரலால் காதடியைத் தடவ ஆரம்பித்தார், பூவைத் தொடுகிற மாதிரி, அவன் காட்டியதைவிடவும் மெதுவாக. நாய் முழுத் தலையையும் தூக்கி அந்த உள்ளங்கையில் வைத்தது. இந்தக் கைக்கு இதுவும் தெரியும் என்பதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். தெரியாத கை என்றால் ஒரு விதம். தெரிந்த கைதான் அன்றைக்கு அடித்தது.

"எவ்வளவு நேரம்ப்பா தடவணும்?" என்றார் நிமிராமல். இரண்டு நிமிஷம் என்று சீட்டில் இருந்தது. கார்மேகம் சொட்டு மருந்தை நாற்காலியில் வைத்துவிட்டு மற்ற பாட்டில்களைப் பையில் வைத்தான், பஞ்சை வைத்தான், ஜிப்பை இழுத்தான். "காதை விடாதீங்க சார். நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." "சரிப்பா" என்றார் சார். அந்தச் சரிப்பா சின்னப் பையன் சொல்வது போல இருந்தது. நாற்காலி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, எட்டிப் பிடித்தால் எழுந்துவிடலாம். அவன் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினான். திரும்பிப் பார்த்தபோது அந்த நரைத்த தலை நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, கட்டைவிரல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது, முட்டி இரண்டும் கல்லில். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு சைக்கிளைத் தெருவில் இறக்கினான். வீட்டுக்குப் போக வலது பக்கம் திரும்ப வேண்டும், அதுதான் குறுக்கு வழி. ஆனால் அப்படிப் போனால் சாரின் வீடு வலது கைப்பக்கம் வரும், உள்ளேயிருந்து கூப்பிட்டால் கேட்டுவிடும். கார்மேகம் சைக்கிளை இடது பக்கம் திருப்பினான், அந்த வீடு இடது காதுப் பக்கமாக இருக்கும்படி, ஏறி மிதித்தான்.